மக்கள் என்று எவரைக் கணக்கில் கொள்வது? பிரிட்டனின் எஞ்சிய தீவுகளும் அவற்றின் எதிர்காலமும்

கேள்வியின் எல்லை

இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தையும் சேர்த்தால் பிரிட்டனுக்கு 14 கடல்கடந்த ஆட்சிப்பகுதிகள் எஞ்சியிருக்கின்றன. கரீபியக் கடலில் அங்குவில்லா, மான்செராட், கேமன் தீவுகள், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், டர்க்ஸ்–கைக்கோஸ் ஆகிய ஐந்து உள்ளன. அட்லாண்டிக்கில் பெர்முடா, செயின்ட் ஹெலினா, ஃபாக்லாந்து முதலியவை. மத்தியதரைக் கடலில் ஜிப்ரால்டரும் சைப்ரஸிலுள்ள இரு ராணுவத் தளங்களும். பசிபிக்கில் ஐம்பது பேர் அளவில் வாழும் பிட்கெய்ர்ன். எல்லாவற்றையும் கூட்டினாலும் மக்கள்தொகை சில லட்சங்களைத் தாண்டாது. ஐ.நா. இன்னும் தன்னாட்சி பெறாதவை என்று பட்டியலிட்டுள்ள 17 நிலப்பகுதிகளில் 10 பிரிட்டனுடையவை.

இவற்றைப் பிரிட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற விவாதம் பெரும்பாலும் அந்தஸ்தைப் பற்றியதாகவே நடந்துவந்திருக்கிறது: விடுதலையா, இணைப்பா, இன்றுள்ள நிலையா? இதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். தன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்று எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. அந்த மக்கள் யார் என்பதை முடிவுசெய்வது யார்? பிரிட்டன் இதற்கு இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறது. எந்தக் கொள்கை வழியையும் இந்த விடைகளின் வரலாற்றை வைத்தே எடைபோட முடியும்.

ஐ.நா. காட்டிய மூன்று வழிகள்

1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514ஆம் தீர்மானம் காலனியத்துக்கு முடிவு கோரியது. மறுநாள் வந்த 1541ஆம் தீர்மானம் அந்த முடிவுக்கு மூன்று வடிவங்களை ஏற்றது: தனிநாடு ஆதல், ஒரு நாட்டோடு சுதந்திரமாகக் கூட்டுறவு கொள்ளுதல், ஒரு நாட்டோடு சமஉரிமையுடன் இணைதல். தீவு வாசிகள் இம்மூன்றில் ஒன்றைத் தேர்வார்கள் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 1995 ஆகஸ்டில் பெர்முடாவில் விடுதலை குறித்து நடந்த பொதுவாக்கெடுப்பில் ஆதரவு கால்பங்கு மட்டுமே. முன்னின்று நடத்திய முதல்வர் ஜான் ஸ்வான் பதவி விலகினார். காலனி என்றாலே விடுதலைக்கு ஏங்கும் மக்கள் என்று நம் வரலாற்று அனுபவம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அந்த அளவுகோல் இங்கே உதவாது. ராபர்ட் ஆல்டிரிச்சும் ஜான் கானலும் உலகெங்கும் எஞ்சிய காலனிகளைப் பற்றி 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டுவதும் இதையே: சிறிய தீவுகள் பல, விடுதலையின் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தே சார்ந்திருப்பதைத் தேர்ந்தன. இந்தத் தேர்வை அடிமை மனோபாவம் என்று ஒதுக்குவது அவர்களை இழிவுபடுத்துவதாகும்.

ஆனால் இது முழுமையான தேர்வும் அல்ல. விடுதலை வேண்டுமென்றால் தடுக்கமாட்டோம் என்பது லண்டனின் நீண்டகால நிலைப்பாடு. மற்ற இரு கதவுகளையும் அது சாத்தி வைத்திருக்கிறது. 1999இன் வெள்ளை அறிக்கை, பிரெஞ்சு மாவட்டங்களைப் போல நாட்டோடு இணைக்கும் யோசனையைப் பரிசீலித்து, பொருத்தமற்றது என்று விலக்கியது. சுதந்திரக் கூட்டுறவையும் லண்டன் ஏற்பதில்லை. அதிகாரம் தன்னிடம் இல்லாமல் பொறுப்பு மட்டும் தன் தலையில் விழும் என்பது அதன் காரணம். ஆக, தீவு மக்கள் முன் உள்ளவை இரண்டே: தனிநாடு, அல்லது லண்டன் நியமிக்கும் ஆளுநர்.

இணைப்பு எப்போதுமே கற்பனைக்கு எட்டாததாக இருந்ததும் இல்லை. 1956இல் மால்டாவில் பிரிட்டனோடு இணைந்து வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்று உறுப்பினர்களைப் பெறும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் 77 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஆனால் எதிர்க்கட்சி புறக்கணித்ததால் வாக்களித்தோர் அறுபது விழுக்காட்டை எட்டவில்லை. பேச்சுவார்த்தை முறிந்து, 1964இல் மால்டா தனிநாடானது. அதன்பின் லண்டன் அந்த யோசனையை எந்தத் தீவுக்கும் உண்மையாக நீட்டியதே இல்லை.

அங்குவில்லாவின் கலகம்

சுதந்திரக் கூட்டுறவை லண்டன் ஒருமுறை முயன்று பார்த்தது. 1967இல் கரீபியத் தீவுகள் சிலவற்றைக் 'கூட்டுறவு அரசுகள்' ஆக்கியது. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டனிடம், மற்றவை தீவுகளிடம் என்பது ஏற்பாடு. அவற்றில் ஒன்று செயின்ட் கிட்ஸ்–நெவிஸ்–அங்குவில்லா. மூன்று தீவுகளை ஒரே அரசாகக் கட்டியது நிர்வாக வசதிக்காக. சுமார் ஆறாயிரம் பேர் வாழ்ந்த அங்குவில்லாவில் குழாய்நீர், மின்சாரம், தொலைபேசி எதுவும் உருப்படியாக இல்லை. செயின்ட் கிட்ஸிலிருந்த தலைநகர் பாஸ்ட்டேர் தங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்ற மனக்குறை பழையது.

1967 மே 30 அன்று தீவினர் திரண்டு, செயின்ட் கிட்ஸ் காவலர்களைத் தீவைவிட்டே வெளியேற்றினார்கள். ஜூலையில் தாங்களே நடத்திய வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 1,813 வாக்குகள், எதிராக 5. ரொனால்டு வெப்ஸ்டர் தலைவரானார். அவர்கள் முதன்மையாகக் கேட்டது தனிநாடு அல்ல; செயின்ட் கிட்ஸின் பிடி வேண்டாம், லண்டனின் நேரடி ஆட்சி போதும் என்பதே. இரண்டு ஆண்டுகள் தட்டிக்கழித்த லண்டன் 1969 மார்ச் 19 அன்று பாராசூட் படையினரையும் லண்டன் காவலர்களையும் தீவில் இறக்கியது. எதிர்ப்பட்டவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை. இறுதியில் கலகக்காரர்கள் கேட்டதே நடந்தது: 1971இல் தனிச்சட்டம், 1980 டிசம்பரில் முறையான பிரிவினை. செயின்ட் கிட்ஸ் 1983இல் அங்குவில்லா இல்லாமலேயே விடுதலை பெற்றது.

1514ஆம் தீர்மானத்தின் ஆறாம் பத்தி, ஒரு நாட்டின் நில ஒருமைப்பாட்டைக் குலைக்கும் முயற்சி ஐ.நா. சாசனத்துக்கு முரணானது என்கிறது. எழுத்துப்படி பார்த்தால் அங்குவில்லாவின் பிரிவு இதற்குள் சிக்குகிறது. ஆனாலும் அதை அநீதி என்று இன்று யாரும் சொல்வதில்லை. அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டார்கள், அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு காலனியின் எல்லைக்கோடு மக்களின் எல்லைக்கோடு ஆகிவிடாது என்பதை ஆறாயிரம் பேர் நிறுவிக் காட்டினார்கள். இந்த முன்னுதாரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டே சாகோஸுக்குச் செல்ல வேண்டும்.

ஒரே நாளில் இரு தீர்மானங்கள்

1965 டிசம்பர் 16 அன்று ஐ.நா. பொதுச்சபை அடுத்தடுத்து இரு தீர்மானங்களை நிறைவேற்றியது. 2065ஆம் தீர்மானம், ஃபாக்லாந்து மக்களின் நலன்களைக் கருத்தில் கொண்டு பிரிட்டனும் அர்ஜென்டினாவும் பேசித் தீர்க்க வேண்டும் என்றது. 2066ஆம் தீர்மானம், மொரிஷியஸின் நிலப்பரப்பைத் துண்டாட வேண்டாம் என்று பிரிட்டனைக் கேட்டது. துண்டாடல் அதற்குள் நடந்து முடிந்திருந்தது. நவம்பர் 8 அன்றே சாகோஸ் தீவுக்கூட்டம் மொரிஷியஸிலிருந்து பிரிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி என்ற புதிய காலனி உருவாகியிருந்தது. மொரிஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு இழப்பீடு. அமெரிக்கா டியேகோ கார்சியாவில் ராணுவத் தளம் அமைக்க வேண்டும் என்பதே நோக்கம். மக்கள் குறைந்த தீவுகளை அமெரிக்கக் கடற்படைத் திட்டக்காரர்கள் 1950களின் இறுதியிலிருந்தே தேடிக்கொண்டிருந்ததை மானுடவியலாளர் டேவிட் வைன் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

தென்னந்தோப்புகளில் கொப்பரை உற்பத்தியை நம்பிப் பல தலைமுறைகளாக அங்கே மக்கள் வாழ்ந்துவந்தார்கள். அவர்களைத் தாற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் காட்டும் திட்டத்தைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் வகுத்தார்கள். நிரந்தரக் குடிகள் இருப்பதாக ஒப்புக்கொண்டால் ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவின்படி அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1968க்கும் 1973க்கும் இடையில் 1,500 முதல் 2,000 பேர் வரை வெளியேற்றப்பட்டார்கள். மொரிஷியஸுக்குப் போனவர்கள் திரும்பிவர விடப்படவில்லை. எஞ்சியோர் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் சேரிகளில் ஒதுங்கினார்கள்.

ஃபாக்லாந்தில் அதே காலத்தில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1,800 பேர். 1980இல் அமைச்சர் நிக்கலஸ் ரிட்லி, இறையாண்மையை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிட்டுத் தீவுகளை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும் யோசனையோடு அங்கே சென்றார். நாடாளுமன்றம் அவரை வறுத்தெடுத்தது. தீவினரின் விருப்பமே தலையாயது என்றது. 1982 ஏப்ரலில் அர்ஜென்டினா படையெடுத்தது. அந்தக் கொள்கையைக் காக்க நடந்த போரில் 255 பிரிட்டிஷ் படையினரும் 649 அர்ஜென்டினர்களும் மூன்று தீவினரும் உயிரிழந்தார்கள். ஜூன் 14 அன்று போர் முடிந்தது. ஜூலை 7 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: சாகோஸ் மக்களுக்கு 40 லட்சம் பவுண்டு, பதிலுக்கு அவர்கள் தங்கள் கோரிக்கைகளை முற்றாக விட்டுவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பலர் தங்களுக்குப் புரியாத சட்டமொழியில் இருந்த தாளில் கைநாட்டு வைத்தார்கள். ஒரே அரசு மூன்று வார இடைவெளியில் ஒரு தீவுமக்களின் விருப்பத்துக்காகப் போரை முடித்தது. இன்னொரு தீவுமக்களின் உரிமையை ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டது.

நிறவெறி இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அன்றைய அலுவலகக் குறிப்புகளே அதற்குச் சான்று. அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், இது எவ்வாறு சாத்தியமானது என்பது புலப்படாது. சாகோஸில் மக்களின் விருப்பத்தை யாரும் மறுக்கவில்லை. அங்கே மக்களே இல்லை என்று முதலில் எழுதிவைத்தார்கள். அதன்பின் மறுக்க எதுவும் மிஞ்சவில்லை. அர்ஜென்டினாவின் வாதமும் இதே அச்சில் வார்த்ததுதான்: ஃபாக்லாந்தினர் பிரிட்டன் கொண்டுவந்து குடியேற்றியவர்கள், ஆகவே சுயநிர்ணயத்துக்கு உரிய மக்கள் அல்லர். 2013இல் நடந்த வாக்கெடுப்பில் 1,513 பேர் பிரிட்டனோடு இருக்க விரும்பினார்கள், மூவர் மறுத்தார்கள். குடியேறியவர்களின் ஆறேழு தலைமுறைகளை மக்கள் அல்லர் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே நியாயத்தால் சாகோஸின் தோட்டத் தொழிலாளர்களின் ஆறேழு தலைமுறைகளையும் அப்படிச் சொல்ல முடியாது.

2000க்குப் பின்

2000இல் சாகோஸியரான ஒலிவியே பான்கூல்ட் தொடுத்த வழக்கில் லண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. வெளியுறவு அமைச்சர் ராபின் குக் மேல்முறையீடு செய்யாமல், டியேகோ கார்சியா தவிர்த்த தீவுகளுக்குச் சாகோஸியர் திரும்பும் வழியைத் திறந்தார். 2004 ஜூன் 10 அன்று, பிரிட்டனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நாளில், அரசியின் பெயரால் பிறப்பித்த ஆணைகள் அந்த வழியை மறுபடி மூடின. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை. 2008இல் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அந்த ஆணைகளை நிலைநிறுத்தினார்கள்.

2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற பெரும்பான்மையில் தந்த ஆலோசனைக் கருத்து, மொரிஷியஸின் காலனிய நீக்கம் சட்டப்படி நிறைவுறவில்லை, பிரிட்டன் விரைவாக வெளியேற வேண்டும் என்றது. மூன்று மாதங்களில் பொதுச்சபை 116க்கு 6 என்று அதை வழிமொழிந்தது. 2025 மே 22 அன்று கையெழுத்தான உடன்படிக்கை இறையாண்மையை மொரிஷியஸுக்குக் கொடுக்கிறது. டியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனிடம் இருக்கும். அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. மொரிஷியஸ் மற்ற தீவுகளில் மக்களைக் குடியமர்த்தலாம். டியேகோ கார்சியாவில் கூடாது. 4 கோடி பவுண்டு நிதியம் ஒன்றும் உண்டு.

மொரிஷியஸின் உரிமை வலுவானது. 1965இன் பிரிப்புக்கான ஒப்புதல், விடுதலை கேட்டு நின்ற ஒரு காலனியிடம் நெருக்கடியில் பெற்றது. நீதிமன்றம் அதைச் சரியாகவே நிராகரித்தது. ஆனால் அது கணக்கில் கொண்ட மக்கள், மொரிஷியஸ் மக்கள் என்ற முழு அலகு. சாகோஸியரின் மறுகுடியேற்றம் மனித உரிமைப் பொருளாகப் பொதுச்சபையின் கவனத்துக்கு விடப்பட்டது. உடன்படிக்கைப் பேச்சில் அவர்களுக்கு இருக்கை இல்லை. பான்கூல்ட் அதை வரவேற்றார். இங்கிலாந்தின் கிராலி நகரில் வாழும் சாகோஸியரில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இருதரப்பில் எது பெரிது என்று வாக்கெடுப்பு நடத்திப் பார்க்க எந்த அரசும் முன்வரவில்லை. அங்குவில்லாவில் காலனியின் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வாழ்ந்தவர்களைக் கேட்ட அந்த நியாயம் இங்கே கைவிடப்பட்டது. இறையாண்மை மொரிஷியஸுக்குச் சேர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சாகோஸியர் வாக்களித்த பின்பு, டியேகோ கார்சியாவுக்கும் திரும்பும் உரிமையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதே என் நிலை. அந்தத் தீவின் கிழக்குக் கரையில் அவர்களுடைய பழைய தேவாலயமும் கல்லறைகளும் இருக்கின்றன.

மக்களே இல்லை என்று அறிவித்த அதே தீவுக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்தது இந்த வரலாற்றின் இன்னொரு கிளை. 2021 அக்டோபரில், தென்னிந்தியக் கரையிலிருந்து கனடா நோக்கிப் புறப்பட்ட இலங்கைத் தமிழர்களின் மீன்பிடிப் படகு பழுதாகி, 89 பேர் டியேகோ கார்சியாவில் இறக்கப்பட்டார்கள். குடிமக்கள் இல்லாத இடம் என்பதால் அங்கே அகதிகளுக்கான அமைப்பும் இல்லை. வேலியிட்ட முகாமில், எலிகள் புகுந்த கூடாரங்களில், குழந்தைகளோடு மூன்றாண்டுகள் கழிந்தன. 2024 டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதே மாதம் அந்த ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றம், அவர்களைச் சட்டவிரோதமாகத் தடுத்துவைத்தார்கள் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் அக்டோபரில் லண்டன் வேறோர் ஏற்பாடு செய்திருந்தது: இனி அங்கே வந்து சேர்பவர்கள் செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்பப்படுவார்கள், பதிலுக்கு அத்தீவுக்கு 66.5 லட்சம் பவுண்டு. நெப்போலியனையும் போயர் போர்க்கைதிகளையும் வைத்திருந்த தீவு அது. ஓர் ஆட்சிப்பகுதியின் சிக்கலை இன்னொன்றின் தலையில் இறக்கிவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

தீவுக்குள்ளே ஒரு வேலி

மக்கள் யார் என்ற கேள்வி லண்டனை மட்டும் நோக்கியதல்ல. கரீபிய ஆட்சிப்பகுதிகளில் 'பெலாங்கர்' போன்றதொரு தகுதி உண்டு. தீவுக்கு உரியவர் என்று சட்டம் ஏற்றவர்க்கே வாக்கும், சில தீவுகளில் நிலம் வாங்கும் தடையற்ற உரிமையும். கேமன் தீவுகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியிலிருந்து வந்து உழைப்பவர்கள். ஜமைக்கர்களும் பிலிப்பினோக்களும் இந்தியர்களும் அவர்களில் அடக்கம். பலருக்கு வாக்கு இல்லை. 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு, அங்கே குடியிருக்கும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு வாக்குரிமை தர வேண்டும் என்று பரிந்துரைத்தபோது தீவுகள் கொதித்தன. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது: சில ஆயிரம் பணக்காரர்கள் வந்து இறங்கினால் ஒரு சிறு சமூகம் தன் வீட்டிலேயே சிறுபான்மையாகிவிடும். ஆனால் இருபது ஆண்டுகளாக அங்கே கட்டடம் கட்டியவருக்கும் முதியோரைப் பராமரித்தவருக்கும் அந்த நியாயம் பொருந்தாது. குழு பேசியதோ அவர்களுக்காக அல்ல.

இன்னொரு பக்கம், வாக்குள்ளவர்களின் வாக்கும் எவ்வளவு நிலையானது? 2009இல் ஊழல் விசாரணைக்குப் பின் லண்டன் டர்க்ஸ்–கைக்கோஸின் அரசியலமைப்பில் பகுதிகளை முடக்கிச் சட்டசபையைக் கலைத்தது. 2012 நவம்பர் வரை ஆளுநரின் நேரடி ஆட்சி. 2022 ஏப்ரலில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் முதல்வர் ஆன்ட்ரூ ஃபாஹி போதைமருந்துக் கடத்தல் வழக்கில் மயாமியில் கைதான மறுநாள் வெளியான விசாரணை அறிக்கையும் அதையே பரிந்துரைத்தது. இம்முறை ஆணையைத் தயாராக வைத்துக்கொண்டு லண்டன் காத்திருந்தது. ஊழல் உண்மை. அதைத் தண்டிக்க வேண்டியதும் உண்மை. தன்னைத் தேர்ந்தெடுக்காத மக்களின் சபையைக் கலைக்கும் அமைச்சர் அவர்களுக்கு எந்த வகையிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்பதே இங்குள்ள குறை.

பொறுப்பின் விலை

1995 ஜூலையில் மான்செராட்டில் சூஃப்ரியேர் எரிமலை விழித்தது. 1997 ஜூன் 25 அன்று 19 பேர் மாண்டார்கள். தலைநகர் பிளைமத் சாம்பலில் புதைந்தது. மூன்றில் இரு பங்கினர் தீவைவிட்டுப் போனார்கள். பிரிட்டனில் குடியேறும் உரிமை முதலில் அவர்களுக்கு இல்லை. 1981இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை முழுக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2002இல்தான் பெரும்பாலான ஆட்சிப்பகுதிகளின் மக்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. ஃபாக்லாந்தினர் 1983லேயே பெற்றுவிட்டார்கள். இந்த இருபதாண்டு இடைவெளியில் குறுக்கே நின்றது ஹாங்காங்கின் பெரும் மக்கள்தொகை. அது சீனாவிடம் போனபின் மற்றவர்களுக்கு வழங்குவது லண்டனுக்குச் சுலபமாயிற்று.

2017இல் இர்மா புயல் அங்குவில்லாவையும் வர்ஜின் தீவுகளையும் சிதைத்தபோது, சராசரி வருமானம் அதிகம் என்பதால் அவை வளர்ச்சி உதவி நிதிக்குத் தகுதியற்றவை என்ற விதி குறுக்கிட்டது. தன் குடிமக்களுக்கு உதவ ஓர் அரசு வெளிநாட்டு உதவி விதிகளைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது என்பதே அவர்களுடைய நிலையைச் சொல்லிவிடும்.

எந்த வழி?

எல்லாத் தீவுகளுக்கும் ஒரே தீர்வு தேடுவது 1967இன் தவற்றைத் திரும்பச் செய்வதாகும். பெர்முடாவும் கேமனும் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்பவை. அவற்றுக்குச் சுதந்திரக் கூட்டுறவின் கதவைத் திறக்க வேண்டும். குக் தீவுகளோடு நியூசிலாந்து 1965 முதல் அப்படித்தான் வாழ்கிறது. அத்தீவினர் நியூசிலாந்துக் குடிமக்களாகவே இருக்கிறார்கள். பொறுப்புச் சுமை பற்றிய லண்டனின் அச்சத்துக்கு அந்த அனுபவம் விடை தருகிறது.

செயின்ட் ஹெலினா, மான்செராட், பிட்கெய்ர்ன் போன்றவை லண்டனின் பணத்தை நம்பியே இருப்பவை. 28.5 கோடி பவுண்டில் கட்டிய செயின்ட் ஹெலினா விமானநிலையம், காற்றின் போக்கைச் சரியாகக் கணிக்காததால், ஒன்றரை ஆண்டு வழக்கமான பயணிகள் விமானச் சேவையின்றிக் கிடந்தது. அந்த முடிவை எடுத்தவர்களைக் கேள்வி கேட்க ஒரு செயின்ட் ஹெலினா உறுப்பினர் வெஸ்ட்மின்ஸ்டரில் இல்லை. டென்மார்க் நாடாளுமன்றத்தில் கிரீன்லாந்துக்கும் ஃபாரோ தீவுகளுக்கும் தலா இரண்டு இடங்கள் உண்டு; இரண்டுக்கும் தன்னாட்சியும் உண்டு. இடம் பெற்றால் பிரிட்டிஷ் வரிச்சட்டம் முழுவதும் வந்துவிடும் என்ற அச்சத்துக்கு இந்த ஏற்பாடே மறுப்பு. விரும்பும் தீவுகளுக்கு மட்டும், வாக்கெடுப்பின் பின், இதை வழங்கலாம்.

இவற்றுக்குக் காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆட்சிப்பகுதிகளுக்கான மன்னரின் ஆணைகள் இன்றும் பெரும்பாலும் அமைச்சரவையின் கையெழுத்தோடு முடிந்துவிடுகின்றன. ஒரு பகுதியின் அரசியலமைப்பை முடக்கும், அதன் நிலத்தைக் கைமாற்றும், அதன் மக்களின் வதியும் உரிமையைத் தொடும் எந்த ஆணையும் வெஸ்ட்மின்ஸ்டரில் விவாதித்து வாக்கெடுக்காமல் செல்லாது என்று சட்டம் இயற்ற வேண்டும். அந்த விவாதத்துக்கு முன் அப்பகுதியின் மக்களை, வெளியேற்றப்பட்டவர்களையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் சேர்த்து, கேட்டாக வேண்டும் என்றும் அதே சட்டம் விதிக்க வேண்டும். அப்படியொரு சட்டம் 2004இல் இருந்திருந்தால், சாகோஸியர் திரும்பும் வழியை மூட விரும்பிய அமைச்சர் அவையில் எழுந்து நின்று, அவர்கள் பெயரைச் சொல்லி, காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.